தீபாவளிக்கு விடுமுறையா, விடுப்பா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 2024 அக்டோபர் 31 அன்று தீபாவளிக்காக, முன்கூட்டியே கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்டோம். பள்ளி மாவட்டத்தின் நாட்காட்டியில் தீபாவளி நவம்பர் 1 என்றே உள்ளது எனக் கூறி, அன்றைய கணிதத் தேர்வுக்குப் பூஜ்யம் போட்டார்கள். இந்த ஜூன் மாதம் வெளியான முழு வருகைப் பதிவு விருதுப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. கிறிஸ்துமசுக்குப் பள்ளியை மூடுகிறவர்கள் தீபாவளிக்கு மூட மறுப்பது சட்டப்படி சரியா? வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு கோரிக்கைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. விடுமுறை என்பது பள்ளியையே மூடுவது. விடுப்பு என்பது உங்கள் மகள் அந்த நாளில் வராமல் இருப்பது. விடுமுறையை, உங்கள் பள்ளி மாவட்டத்தை (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆளும் பள்ளி வாரியத்திடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். விடுப்பு அவளுக்கு ஏற்கெனவே சட்டம் தந்திருக்கும் உரிமை. அந்த உரிமை மீறப்பட்டிருப்பதாகவே நான் கருதுவதால், அதிலிருந்து தொடங்குகிறேன்.

மத விழாவுக்காகப் பெற்றோரின் எழுத்து மூலமான கடிதத்துடன் பள்ளிக்கு வராத மாணவருக்கு, அந்தக் காரணத்தால் எந்த விருதையும், விருதுக்குப் போட்டியிடும் தகுதியையும் மறுக்கக் கூடாது என்று நியூ ஜெர்சிக் கல்விச் சட்டம் (18அ:36-14 முதல் 16 வரையிலான பிரிவுகள்) கூறுகிறது. தவறவிட்ட தேர்வுக்கு மாற்றுத் தேர்வு எழுதும் உரிமையும் அவளுக்கு உண்டு. வருகைப் பதிவேட்டில் அந்த நாள் அனுமதிக்கப்பட்ட விடுப்பாகவே பதியப்பட வேண்டும். பின்னாளில் வேறு பள்ளிக்கோ கல்லூரிக்கோ அனுப்பும் வருகை விவரத்திலும் அதை வராத நாளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பண்டிகைக்கும் விருதுக்கும் இடையே நிறுத்தித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கொடுமை நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விளக்கமாகச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

தேதிச் சிக்கல் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி வருவது. சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வழக்கம். வட இந்தியர்களுக்கு அமாவாசை மாலையின் இலட்சுமி பூசையே முதன்மையானது. இரண்டும் ஒரே நாளில் வரும் ஆண்டுகளும் உண்டு, விலகி நிற்கும் ஆண்டுகளும் உண்டு. 2024-இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. நியூயார்க் நகரப் பள்ளிகள் மூடப்பட்டதோ நவம்பர் 1. மாநிலக் கல்வி வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் மத விழாப் பட்டியலில் உங்கள் தேதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும், உண்மையான மத விழா எதையும் தன் பள்ளிகளுக்காக அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள மாவட்ட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு சமயத்தார் எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்றும் நம்பிக்கைக்கு மட்டுமே அரசமைப்புப் பாதுகாப்பு என்பதில்லை என்று 1981-இல் தாமஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, "மற்ற இந்துக்களுக்கு நாளைதானே" என்ற பதில் செல்லாது.

இதே போன்றதொரு வழக்கு டெக்சாசின் அமரில்லோவில் நடந்தது. ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டுமே மத விடுப்பு, அதற்கு மேல் போனால் பூஜ்யம் என்று அங்கிருந்த பள்ளி மாவட்டம் விதித்திருந்தது. ஏழு நாள் திருவிழா கொண்டாடும் ஒரு சிறிய கிறித்தவச் சபையின் பிள்ளைகள் அதனால் பாதிக்கப்பட்டனர். அந்த விதி மதச் சுதந்திரத்துக்கு முரணானது என்று 1981-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. அந்தப் பகுதிக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் தீர்ப்பு நியூ ஜெர்சியைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உங்கள் கடிதத்தில் இதைக் குறிப்பிடலாம்.

இனி விடுமுறை பற்றி. கிறிஸ்துமசுக்கு மூடுவதால் தீபாவளிக்கும் மூடியே ஆக வேண்டும் என்ற வாதம் நியாயமாகத் தோன்றினாலும், நீதிமன்றத்தில் வெல்வது கடினம். கிறிஸ்துமஸ் மதச்சார்பற்ற பொது விழாவாகவும் ஆகிவிட்டது என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதே சமயம், ஒரு மதத்தைச் சிறப்பிக்கவே பள்ளியை மூடுவதும் ஆபத்து: புனித வெள்ளியைப் பள்ளி விடுமுறையாக்கிய இல்லினாய் மாநிலச் சட்டத்தை 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. மேரிலாந்தின் இத்தகைய சட்டமோ 1999-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தப்பியது. அன்று மாணவரும் ஆசிரியரும் பெருமளவில் வரமாட்டார்கள், பள்ளியை நடத்துவது வீண் என்ற நடைமுறைக் காரணத்தை அந்நீதிமன்றம் ஏற்றது.

ஆகவே உங்கள் வாரியத்திடம் சமய உணர்வைவிட எண்ணிக்கையைக் கொண்டு செல்லுங்கள். முந்தைய தீபாவளி நாட்களில் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் வரவில்லை என்ற விவரத்தை, பெயர்கள் இல்லாமல், மாநிலப் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மேரிலாந்தின் மாண்ட்கமரி மாவட்டத்தில் முஸ்லிம் பெற்றோர்கள் பக்ரீதுக்குச் சமமான இடம் கேட்டபோது, 2014-இல் வாரியம் எல்லா மத விழாக்களின் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டு, முன்பு மூடிய நாட்களில் மட்டும் தொடர்ந்து மூடியது. சமத்துவம் கேட்டவர்களுக்கு அப்படியொரு பதில் கிடைத்தது எனக்கு இன்றும் வருத்தமே. நியூயார்க்கிலோ, பெற்றோர்களின் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2015-இல் இரு ஈத் பெருநாட்களும், 2023 நவம்பரில் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தால் தீபாவளியும் பள்ளி விடுமுறைகளாயின.

சிறுபான்மையினரின் பெருநாட்கள் பள்ளி நாட்காட்டியில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஆண்டுக்கு 180 பாட நாட்கள் கட்டாயம் என்பதால், எல்லா விழாவுக்கும் மூட இயலாது என்பதையும் மறுக்க மாட்டேன். நாட்காட்டியில் குறிப்பது, அன்று தேர்வு வைக்காதிருப்பது, எண்ணிக்கை மிகுந்த இடத்தில் மூடுவது என்ற வரிசையில் கேளுங்கள். முதல் இரண்டும் கிடைத்தாலே, உங்கள் ஊரில் ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள ஒரு சமணக் குடும்பத்துக்கோ சீக்கியக் குடும்பத்துக்கோ கூட அது பயன்படும்.

உடனே செய்ய வேண்டியது: விருது மறுப்பையும் பூஜ்யத்தையும் எதிர்த்து, மேற்கண்ட பிரிவுகளைக் குறிப்பிட்டு, பள்ளி முதல்வருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மாநிலக் கல்வி ஆணையரிடம் மனு செய்யலாம். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 90 நாட்கள் மட்டுமே அவகாசம். பூஜ்யத்துக்கான கெடு கடந்திருக்கும். அதைத் தளர்த்த ஆணையருக்கு அதிகாரம் இருந்தாலும் அரிதாகவே பயன்படுத்துவார். விருதுக்கான கெடு இந்த ஜூனில்தான் தொடங்கியிருக்கிறது. பள்ளியுடன் நடக்கும் பேச்சுவார்த்தையை நம்பி அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.