ஃபியூயல் பம்ப் தேர்வு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் ஹோண்டா சிட்டி விடெக் 1.5-ல் சின்ன டர்போ போடுகிறேன். 200 குதிரைத்திறன் வந்தால் போதும். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப் வாங்கட்டுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 200-க்கு 54 கிலோ, அதாவது 73 லிட்டர். கால்பங்கு கையிருப்பு சேர்த்தால் 92. இந்த 92 லிட்டர் எந்த அழுத்தத்தில் வேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் (டர்போ கூட்டித் தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.7 பார் என்றால், பூஸ்ட்டோடு சேர்ந்து பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டர் இருக்கும் காரில் பம்ப் 3.7 பாரில் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு குறையும். அதனால் டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை விட்டுவிடு. தயாரிப்பாளரின் வரைபடத்தில் 4 பாருக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார். நல்ல 190 லிட்டர் பம்பே உனக்குத் தாராளம்.

கேள்வி: பெரிதாகவே போட்டால் என்ன நஷ்டம்?

பதில்: ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய கார்களில் அந்தக் குழாய் ஒல்லி. ரெகுலேட்டர் திணறும், அழுத்தம் ஏறும், ஐடிலில் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். டேங்கில் பெட்ரோலும் சூடாகும்.

கேள்வி: புது பம்ப் போட்டும் 5500 ஆர்பிஎம்முக்கு மேல் கலவை லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் போதவில்லை. போலி பம்பாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் வயரைப் பாருங்கள். பம்ப் ஓடும்போதே அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.5 என்று காட்டினால் கோளாறு பழைய வயரிங்கில். பம்புக்கு வோல்டேஜ்தான் சோறு. பேட்டரியிலிருந்து தனி வயர், ஃப்யூஸ், ரிலே, நல்ல எர்த் கொடுங்கள். ரிலேவை இயக்குவது மட்டும் இசியுவாகவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருக்கட்டும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். விபத்தில் உயிர் காப்பது அதுதான். சரிசெய்யும்வரை பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள். லீனாக ஓடினால் பிஸ்டன் உருகிவிடும்.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த கான்டெஸாவுக்கு இன்ஜெக்‌ஷன் பம்ப் பொருந்துமா?

பதில்: வேண்டாம். கார்புரேட்டர் கேட்பது பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ (1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ). இன்ஜெக்‌ஷன் பம்ப் 40-க்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வ் தாங்காது, பெட்ரோல் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும். குறைந்த அழுத்தப் பம்ப்தான் சரி.

கேள்வி: 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குக் கணக்கு மாறுமா?

பதில்: மாறும். எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதலாகத் தேவை. மேலே சொன்ன 92, நூறைத் தொடும்.

கேள்வி: கால் டேங்குக்குக் கீழே, வளைவில் இன்ஜின் திணறுகிறது.

பதில்: பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. பெரிய பம்ப் இதைத் தீர்க்காது. டேங்குக்குள் பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கும் கிண்ணத்தை யாராவது கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்க வைக்கும் சின்ன துணை டேங்க்) யோசிக்கலாம்.

அப்புறம், டேங்கைத் திறக்கும்போது உள்ளே பம்பை இணைக்கும் குட்டி ஹோஸையும் பாருங்கள். வெளியே போடும் சாதாரண ஹோஸை நான் ஒருமுறை உள்ளே மாட்டினேன். சில மாதத்தில் ஊறி, விரலால் அழுத்தினால் களிபோல அமுங்கியது. கிளாம்ப் ஓரம் வெடித்து அழுத்தம் போய்விட்டது. பெட்ரோலில் மூழ்கியே இருக்கத் தயாரித்தது வேண்டும். ஹோஸ் மேல் ஜே30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும்.