மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது ஏன்?

கேட்கப்பட்டது இது: "கீழக்கரையில் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். போர்த் தண்ணீர்தான். காலையும் மாலையும் ஊற்றுகிறேன், மண்ணைத் தொட்டால் ஈரமாகவே இருக்கிறது. ஆனாலும் செடி தலையைத் தொங்கப் போடுகிறது. இன்னும் கூடுதலாக ஊற்ற வேண்டுமா?"

வேண்டாம். முதலில் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

எனக்கு இது ரொம்ப நெருக்கமான கேள்வி. உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அப்பா தென்னை மட்டும் வைத்து, ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறைத்து ஊற்றி வந்தார். நான் ஆசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டு முண்டு மிளகாய் நட்டேன். மார்கழி வரை பச்சைப் பசேல் என்று நின்றது. மாசியில் வெயில் ஏறியதும் மதியத்தில் வாட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சினேன். இலை ஓரமெல்லாம் கருகியது. பங்குனி முடிவதற்குள் பாதிச் செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரடி மண் அப்போதும் ஈரம்தான்.

அப்பத்தா வந்து பாத்தியில் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "நீ தண்ணிய ஊத்தலப்பா, உப்ப ஊத்திருக்க" என்றாள்.

பிறகு ஆய்வகத்தில் சோதித்ததும், படித்ததும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதும் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. மண்ணில் தண்ணீர் இருப்பது வேறு, அது செடிக்குக் கிடைப்பது வேறு.

செடிக்குள் தண்ணீரை ஏற்றுவது பெரும்பாலும் இலைதான். வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை வாங்க வாங்க, அந்த இழுவை தண்டு வழியாக வேர் வரைக்கும் இறங்குகிறது. வேர் எடுக்கும் தண்ணீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. மறுபக்கம் மண்ணும் தண்ணீரைச் சும்மா விட்டுவிடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக நனைந்து வடிந்த மண்ணில் இந்தப் பிடி 0.1 முதல் 0.3 பார் அளவுக்குத்தான் இருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஈரம் குறையக் குறைய பிடி இறுகும். 15 பார் அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடிவிடும் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்போதும் களிமண்ணில் ஈரம் நிறைய மிச்சம் இருக்கும், செடியால் எடுக்கத்தான் முடியாது.

உப்பு இருந்தால் இந்தப் பிடியோடு இன்னொரு பிடி சேர்ந்துகொள்ளும். கருவாடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மீனைக் கீறி உப்பைத் திணித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மீனுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்து நிற்கும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். நம் வயலில் அவ்வளவு உப்பு கிடையாது, வேரிலிருந்து தண்ணீர் அப்படியே வெளியே ஓடிவிடாது. ஆனால் இழுவை அந்தத் திசையில்தான். வேர் அதை மீறித் தன் பக்கம் இழுத்தாக வேண்டும்.

மண் சோதனைத் தாளில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் வரும். அதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்பது. மண்ணை நீரில் குழைத்து எடுத்த சாற்றில் இது 4-க்கு மேல் போனால் உவர் மண் என்பார்கள். 4 என்றால் உப்பினால் மட்டும் சுமார் ஒன்றரை பார் கூடுதல் பிடி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் மண் காயும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. ஈரம் பாதியானால் உப்பின் செறிவு இரட்டிப்பு. மண்ணின் பிடியும் உப்பின் பிடியும் ஒரே நேரத்தில் ஏறும். மாசி மதியத்தில் என் மிளகாய்க்கு நடந்தது இதுதான். மிளகாய் உப்பை அதிகம் தாங்காத பயிர். பொதுவாக 1.5 வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் விளைச்சல் 100-க்கு 14 பங்கு வீதம் குறையும் என்பது உலக அளவில் எடுத்தாளப்படும் கணக்கு. பருத்தி 7.7 வரை தாங்கும். நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விளைவிக்கிறார்கள். நானோ அதற்குப் போய் உப்புப் போர்த் தண்ணீரைப் பாய்ச்சினேன்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடற்கரையில் தோட்டம் வைப்பவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும். கடலோர மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கும்படி இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். அப்பாவின் கிணறு மேலாக இருந்த தண்ணீரை நிதானமாக எடுத்தது. என் போர் அடியில் போய் உறிஞ்சியது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார்களே, அதுவும் மேலே மிதக்கும் இந்தத் தண்ணீர்தான். உங்கள் போர் எவ்வளவு ஆழம் என்று எழுதவில்லை. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உப்பு மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. தண்ணீர் அதிகமாகி மூச்சு முட்டினாலும் செடி இதே மாதிரித்தான் தொங்கும். வேர் உயிருள்ளது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதை விடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. மண்ணின் துளைகளெல்லாம் நிரம்பி நின்றால் வேரில் இருப்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் நுழைய அக்வாபோரின் என்ற புரதங்கள் வாசல் மாதிரி இருக்கின்றன. மூச்சு முட்டும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறி அந்த வாசல்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் நிற்க, உள்ளே போக வழி இருக்காது. கண்மாய் ஓரக் களிமண்ணில், கார்த்திகை அடைமழைக்கு மறுநாள் வெயில் அடித்தால் மிளகாய் வாடுவது இதனால்தான். அந்த நேரத்தில் வடிகால் வெட்டுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

சுத்த மணலில் சிக்கல் வேறு. நனைந்த மணலில் தண்ணீர் வேகமாக ஓடும். காய்ந்துவிட்டால் மணிகளுக்கு நடுவே இருக்கும் நீர்ப்படலம் அறுந்து, ஒரு விரல் தள்ளி இருக்கும் ஈரம்கூட வேரை எட்டாது. தென்னங்குழியில் உரிமட்டையை அடுக்கிப் புதைப்பது அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான்.

சரி, உங்கள் செடிக்கு எது என்று கண்டுபிடிக்க விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மதியம் தொங்கியது விடியும்போது நிமிர்ந்து நின்றால் வேர் இன்னும் வேலை செய்கிறது, வெயிலின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடியற்காலையிலும் தொங்கினால் வேரில் கோளாறு. ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். சாக்கடை வாடை அடித்து வேர் பழுப்பாக இருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வேர் வெள்ளையாக இருந்து, மண் மேல் உப்பு பூத்து, இலை ஓரமும் கருகியிருந்தால் உப்பு. தொட்டிச் செடி என்றால் யூரியாவையோ டிஏபியையோ அள்ளிப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள், உரமும் உப்புதான்.

உப்பு என்று தெரிந்தால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விடுங்கள். மேலே ஊற்றியது மேலேயே ஆவியாகி உப்பை அங்கேயே விட்டுவிடும். நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் வேரடியைத் தாண்டி வடியும் அளவுக்கு ஒரே மூச்சாக ஊற்றுங்கள். மணலாக இருந்தால் உப்பு நன்றாகக் கழுவிக்கொண்டு இறங்கிவிடும், ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழையே பெரும்பாலும் போதும். களிமண் என்றால் அப்படி இறங்காது. சோடியம் களியைக் குழப்பி, மேலே பொருக்கு கட்டித் தண்ணீரை உள்ளே விடாமல் செய்யும். அதற்கு ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விலக்கிய பிறகே கழுவ வேண்டும். சோடியம் சிக்கல் இல்லாத வெறும் உவருக்கு ஜிப்சம் வீண் செலவு. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண் சோதனைத் தாளோடு போய்க் கேளுங்கள். செடியைச் சுற்றி வைக்கோலோ தென்னை மட்டையோ பரப்பினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். உப்புத் தண்ணீரை இலை மேல் மட்டும் படவே விடாதீர்கள்.

இன்னொன்றை அனுபவத்தில் கற்றேன். பார் போட்டு, அதாவது மண்ணை நீளமான மேடாக அணைத்து நடும்போது, மேட்டின் உச்சியில் நடக்கூடாது. வாய்க்கால் தண்ணீர் பாருக்குள் ஏறி உச்சியில் ஆவியாவதால் உப்பு அங்கேதான் சேரும். பாரின் சரிவில் நட்டால் வேர் அந்த உப்பில் சிக்காது. போன கார்த்திகையில் போரை நிறுத்திவிட்டு, மழை மண்ணைக் கழுவிய பிறகு, அப்பாவின் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு இரண்டே பாத்தியில் இப்படிச் சரிவில் கத்தரி வைத்தேன். மாசி மதியத்தில் போய்ப் பார்த்தபோது இலை லேசாகத் தளர்ந்திருந்தது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது.