சாமி நம்பிக்கை போனால் ஒழுக்கமும் போய்விடுமா?

தம்பி, நம்பிக்கை போய்விட்டது, இனி நேர்மையாக வாழக் காரணமே இல்லையோ என்று பயப்படுகிறீர்கள், அம்மாவும் 'சாமி பயம் இல்லாதவன் எதையும் செய்வான்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று யோசியுங்கள்: திருடாதே என்று சாமி சொன்னதால்தான் திருட்டு தப்பா, இல்லை திருட்டு தப்பு என்பதால்தான் சாமியே திருடாதே என்றாரா? இரண்டாவதுதான் என்றால், அந்தத் தப்பு உங்களுக்கும் தனியாகவே தெரியும்.

நம்ம கடலூர் மாவட்டத்தையே பாருங்கள். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை, அங்கே பந்தியில் உட்காருகிறவனிடம் சாதியும் கேட்பதில்லை, சாமி கும்பிடுவாயா என்றும் கேட்பதில்லை, பசிக்கிறதா, அவ்வளவுதான். அவர் இறைவனை உருகி நம்பியவர். பெரியார் கடவுளே இல்லை என்றவர். ஆனால் சாதி கொடுமை என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. பக்கத்து மனிதன் படும் பாடு கண்ணில் பட்டால் போதும், அதற்கு நம்பிக்கை முன்நிபந்தனை இல்லை என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன்.

அம்மாவிடம் வாதம் பண்ணாதீர்கள். பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூப்பிட்டால் துணைக்குப் போய் வாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்புறம் எதற்காக வாழ்வது என்ற கேள்வி வீட்டுக்குள் உட்கார்ந்தால் பெரிதாகிக்கொண்டேதான் போகும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை வடலூர் பஸ் ஏறி, பரிமாற ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.