ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையை வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா?

அமெரிக்கத் தரைப்படையின் ஆர்.ஓ.டி.சி. (கல்லூரி மாணவர்களை ராணுவ அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் திட்டம்) உதவித்தொகை கிடைத்தபின் கல்லூரி மாறினால் பணமும் கூடவே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம், ஆனால் தானாக வராது. அது குறிப்பிட்ட கல்லூரியோடு சேர்த்தே ஒதுக்கப்படுகிறது.

முதலில் புதிய கல்லூரியில் அட்மிஷன் வாங்குங்கள். அது தனி வேலை, ராணுவம் வாங்கித் தராது. அப்புறம் அங்குள்ள பயிற்சிப் பிரிவின் தலைமை அதிகாரியிடம் பேசுங்கள். அவர் உங்களை ஏற்காவிட்டால் காரியம் நகராது. ஒப்புதல் தருவது கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் கேடட் கமாண்ட், அதாவது இந்தத் திட்டத்தை நடத்தும் ராணுவத் தலைமையகம். கட்டணம் எகிறும் கல்லூரி என்றால் இழுபறிதான்.

அங்கே பயிற்சிப் பிரிவே இல்லையா? அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஹார்வர்டு மாணவர்களே பக்கத்திலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) பிரிவில்தான் பயிற்சி பெறுகிறார்கள். ஒன்று மட்டும்: உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பினால், வாங்கிய பணத்தை ராணுவம் திருப்பிக் கேட்கலாம்.