மலையில் நடக்கும் ஆக்‌ஷன் த்ரில்லர்கள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

காட்சி அழகுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அழகு பத்து நிமிடத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அதன்பின் நம்மை உட்கார வைப்பது வேறு விஷயம். மற்றக் கதைகளில் எழுத்தாளர் மெனக்கெட்டு உருவாக்க வேண்டிய நெருக்கடிகளை மலை சும்மாவே தந்துவிடுகிறது.

நகரத்தில் நடக்கும் கதை என்றால் "இவன் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை?" என்ற கேள்விக்கு ஒரு பதிலை ஜோடிக்க வேண்டும். மலையில் அந்தக் கேள்வியே எழாது. சிக்னல் இருக்காது, குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், உதவி வந்துசேர ஒரு நாள்கூட ஆகலாம். கீழே பள்ளம் இருக்கிறது என்பதை விளக்க வசனமும் தேவையில்லை. பார்ப்பவரின் உள்ளங்கை தானாக வியர்க்கும்.

இந்த வகைப் படங்களின் உண்மையான கதாநாயகன் கயிறுதான் என்பேன். இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் நம்பிக்கை, துரோகம், தியாகம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். ஆனால் பெரும்பாலான படங்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். ஏறுவோர் பயன்படுத்தும் கயிறு வெறும் எடையால் அறுந்துவிடாது. 80 கிலோ எடையைக் கயிறு தாங்கும் புள்ளிக்கு மேலிருந்து விழவிட்டுச் சோதிப்பார்கள். அந்த முதல் விழுகையில் 40 சதவீதம் வரை நீளலாம், அதிர்வு விசை 12 கிலோ நியூட்டனை (சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம்) தாண்டக் கூடாது. எமன் கூர்மையான பாறை விளிம்புதான். இழுவிசையில் இருக்கும் கயிறு அதில் உரசினால் சட்டென்று போய்விடும். இழை இழையாகப் பிரிந்து, இருவரும் மனம்விட்டுப் பேசி முடிக்கும்வரை காத்திருக்காது.

விழுபவரை ஒற்றைக் கையால் பிடிக்கும் காட்சியையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ ஆள் 3 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். அவரை அரை மீட்டருக்குள் நிறுத்த, சராசரியாக 560 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும், அதற்கு முன்பே விரல் நழுவிவிடும். கயிறு நீண்டுகொடுப்பது எதற்கு என்பதும் இதிலேயே விளங்கும்: நிறுத்தும் தூரம் கூடினால் விசை குறையும்.

'கிளிஃப்ஹேங்கர்' (1993) இதில் சுவாரஸ்யமான கலவை. கதை கொலராடோவின் ராக்கி மலைகளில் நடக்கிறது. மலைக் காட்சிகளில் பெரும்பகுதியை எடுத்தது இத்தாலியின் டோலமைட்ஸில். சுமார் 15,000 அடி உயரத்தில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில் கடக்கும் சாகசத்தை ஸ்டன்ட் கலைஞர் சைமன் கிரேன் நிஜமாகவே செய்தார். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் டாலர். அந்தக் காட்சியில் வரும் பதற்றத்தைக் கணினி வரைகலை தருவதில்லை. அதே படத்தில்தான் பாறைக்குள் ஆணியைச் சுடும் துப்பாக்கியும் வருகிறது! நிஜத்தில் துளையிட்டுத்தான் ஆணியை இறக்க வேண்டும்; கையால் துளைத்தால் ஒவ்வொன்றுக்கும் பல நிமிடம் பிடிக்கும். தொடக்கத்தில் ஏறுவோர் இடுப்பில் கட்டும் ஹார்னஸின் கொக்கி உடைகிறதே, அது உடைவதற்காகவே மாற்றியமைக்கப்பட்டது என்று படத்தின் முடிவில் குறிப்பே போட்டார்கள்.

பனிச்சரிவு விஷயத்தில் இன்னும் மோசம். கத்தினால் சரியும், துப்பாக்கி சுட்டால் சரியும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஒலி அலைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. வெடிமருந்து வேறு கதை, அது சரித்துவிடும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில், பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்கின்மேல் ஆளின் எடை விழும்போதுதான் சரிகிறது. சிக்குபவரோ அவர் குழுவோதான் பெரும்பாலும் அதைக் கிளப்பியிருப்பார்கள். திரைக்கதைக்கு இது கத்துவதைவிட நல்ல பொருள் இல்லையா? அடுத்த அடி வைக்கலாமா என்பதே ஒரு காட்சி. புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதன்பின் வாய்ப்பு படுவேகமாகச் சரியும், அரை மணி தாண்டினால் பிழைப்பவர் குறைவு. வெடிகுண்டின் டிக்-டிக் கடிகாரத்தை மலை இப்படித் தருகிறது.

உயரத்தையும் படங்கள் வீணடிக்கின்றன. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே ஓடிப்பிடித்துச் சண்டை போட முடியாது. நாலு அடி வைத்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டும். அதையே காட்டினால் சண்டை இன்னும் பயங்கரமாக இருக்கும். மூளையில் நீர் கோத்தால் நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். குழுத் தலைவரே நம்பிக்கையோடு தவறான முடிவை எடுக்கிறார், யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் வில்லனே தேவைப்படாது.

கடைசியில் ஹெலிகாப்டர் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவதுதான் எனக்கு ஒட்டாத இடம். மெல்லிய காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு. 2005 மே மாதம் பிரெஞ்சு விமானி திதியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கியது சாதனையாகப் பதிவானதே அதனால்தான், அதுவும் தனி ஆளாக, எடையைக் குறைத்துக்கொண்டு. நிஜத்தில் களைத்த கால்களோடு நடந்துதான் இறங்க வேண்டும். எவரெஸ்டின் மேல்பகுதியில் உச்சி தொட்டுத் திரும்பும்போது இறந்தவர்கள் நிறைய. அந்த இறக்கத்தையே படத்தின் முழுக் கடைசிப் பகுதியாக எடுக்கும் இயக்குநர்கள்தான் குறைவு.