அப்பர் ஈஸ்ட் சைடில் முதல் அவென்யூ வீடு மட்டும் ஏன் மலிவு?

நியூயார்க்கின் அப்பர் ஈஸ்ட் சைடு பகுதியில் வீடு தேடும்போது, முதல் அவென்யூவில் மட்டும் வாடகை குறைவான விளம்பரத்தைப் பார்த்து மோசடியோ என்று சந்தேகப்படுகிறீர்களா? வாடகை குறைவாக இருப்பதாலேயே மோசடி என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது முதல் அவென்யூ வீடு. பார்க் அவென்யூ வாடகையோடு அதை ஒப்பிடவே கூடாது. இரண்டுக்கும் அப்பர் ஈஸ்ட் சைடு என்ற பெயர்தான் ஒன்று, பேட்டை வேறு.

காரணம் பழையது. இரண்டுக்கும் நடுவே உள்ள மூன்றாம் அவென்யூவின் மேல் 1955 வரை உயர்பாலத்தில் ரயில் தடதடத்தது. செல்வந்தர்கள் அதற்கு மேற்கே, சென்ட்ரல் பார்க் பூங்கா பக்கமே மாளிகை கட்டினார்கள். கிழக்கே, முதல் அவென்யூ இருக்கும் யார்க்வில் பகுதியில் ஜெர்மானிய, ஹங்கேரியத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் இருந்த லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. நீங்கள் பார்த்த விளம்பரத்தில் 'வாக்-அப்' என்று இருக்கிறதல்லவா, அதுதான் இது. குளியல் தொட்டி சமையலறையிலேயே இருந்த காலமும் உண்டு!

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை:

1. இரண்டாம் அவென்யூ 86வது தெரு நிலையத்திலிருந்து வாசல்வரை நடந்து, மளிகைப் பையோடு மாடி ஏறிப் பாருங்கள். 2017 ஜனவரி 1-ல் கியூ (Q) என்ற சுரங்க ரயில் தடம் அங்கே வந்த பிறகு தூரம் பெரிய குறையில்லை. படிதான் குறை.

2. 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளாவது உள்ள கட்டடமா என்று கேளுங்கள். அப்படியென்றால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இருக்கலாம்.

ஆனால் 'இருக்கலாம்' மட்டும்தான். பல வீடுகள் அந்தச் சட்டத்திலிருந்து வெளியேறிவிட்டன. குடிபுகுந்த பிறகு, உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றை மாநில வீட்டுவசதித் துறையிடம் இலவசமாகவே கேட்டு வாங்கலாம். அப்புறம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 சட்டப்படி அது செல்லாது.