ஜியோகேச்சிங்கில் அப்படி என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் அதற்குத் துணை கிடைக்குமா?

"ஃபோனைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பற்றை பற்றையாக அலைவதுதானே இது, இதில் என்ன பொழுதுபோக்கு, யாரோடு பழகப்போகிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. அந்தத் "தனியாக" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. என் அனுபவத்தில் இந்த விளையாட்டில் செய்ய முடியாத காரியமே தனியாக இருப்பதுதான், அதுவும் யாழ்ப்பாணத்தில். ஒழுங்கையில் குனிந்து எதையோ தேடுகிற ஒருத்தியைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் பேசாமல் தாண்டிப் போகமாட்டார்கள்.

நீங்கள் கொழும்பில் வேலை செய்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவர் என்று நினைக்கிறேன். வந்த இரண்டாம் நாளே நல்லூர், கோட்டை, ஐஸ்கிறீம் எல்லாம் முடிந்து, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், பதில் மாறாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு சிறிய பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அதைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சைகையை அமெரிக்கா வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. நூறு மீற்றர் வரைக்கும் பிசகும். மே 2ஆம் திகதி அந்தக் குழப்பத்தை நீக்கினார்கள். அடுத்த நாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று இணையத்தில் எழுதினார். உள்ளே கொப்பி, பென்சில், சில்லறைச் சாமான்கள், கூடவே ஒரு பீன்ஸ் டின். விளையாட்டு அங்கே தொடங்கியது.

எனக்கு இதைப் பழக்கியது ஜெர்மனியில் இருக்கும் என் சித்தியின் மகனும் அவனுடைய மகளும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் வீடுகள் ஏறி இறங்குவது பெரிய தண்டனையாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டால் ஜெர்மனியில் பிறந்த பிள்ளை என்ன சொல்லும்? நாலாவது வீட்டுக்குப் பிறகு வாயே திறப்பதில்லை. ஒருநாள் விடியக்காலையில் அவளாகவே வந்து, "மாமி, பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெட்டி இருக்கு, கூட்டிக்கொண்டு போறீங்களா?" என்று கேட்டாள். என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை. அவள் எதையாவது கேட்டாளே என்ற சந்தோஷத்தில் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன். தம்பி பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தான். வல்லைவெளியின் எதிர்காற்றில் அவளுடைய தொப்பி பறந்துபோய், திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தோம்.

சரியான இடத்தை இங்கே சொல்லமாட்டேன். வஞ்சகம் என்று நினைக்கவேண்டாம். சொல்லிவிட்டால் தேடுகிறவருக்கு ருசி போய்விடும். இந்த விளையாட்டில் எல்லா நாட்டிலும் அதுதான் மரியாதை. ஒரு மதகு, அதற்குப் பக்கத்தில் பழைய சுண்ணக்கல் மதில், ஒரு பூவரசு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃபோன் அந்த மதகடிவரை கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு நாலைந்து மீற்றர் இங்கேயும் அங்கேயும் பிசகும், கண்ணும் கையும்தான் வேலை செய்யவேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் மதில் ஓரமாகக் குனிந்துகொண்டு நிற்க, எதிர்வீட்டுப் படலை திறந்தது. ஓர் ஆச்சி வெளியே வந்தார்.

"என்ன பிள்ளையள், சங்கிலி கிங்கிலி விழுந்திட்டுதோ?"

இல்லை ஆச்சி, ஒரு பெட்டி தேடுகிறோம் என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "தெரியாத பெட்டியைத் தொடாதேங்கோ பிள்ளை" என்றார். எனக்கு உடனே விளங்கியது, தம்பியின் மகளுக்கு விளங்கவில்லை. நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடச் சுவரில் மிதிவெடிப் படங்கள் ஒட்டியிருக்கும். கீழே கிடக்கிற எதையும் காலால்கூடத் தட்டாதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். தம்பி தன் ஃபோனை எடுத்து ஆச்சிக்குப் பெட்டியின் பக்கத்தைக் காட்டி, யார் வைத்தது, எத்தனை பேர் வந்து எடுத்தார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். அப்புறம்தான், "ஓ, அதுதான் போன வருசம் ஒரு வெள்ளைக்காரனும் பெண்சாதியும் இதிலை நிண்டு தடவித் தடவிப் பாத்தவை" என்றார்.

அதற்குள் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பெடியள் நின்றுவிட்டார்கள். "என்னக்கா, பைக் பழுதோ?" விஷயத்தைக் கேட்டதும் அவர்களும் இறங்கிவிட்டார்கள். ஒருவன் மதகுக்குக் கீழே படுத்தே பார்த்தான். வெளிநாட்டில் இந்த விளையாட்டின் பாதி திறமை, மற்றவர் கண்ணில் படாமல் தேடுவது. தம்பிக்கு அந்தப் பழக்கம், அவன் நெளிந்துகொண்டு நின்றான். அவனுடைய மகளோ அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டியைக் கண்டதும் அவள்தான். கண்டதும் கூப்பிடாமல் மதிலில் சாய்ந்து நின்று, எங்கள் எல்லோரையும் இன்னும் கொஞ்சநேரம் தேட விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுப் பெட்டி அளவு. உள்ளே பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பி, ஒரு குட்டிப் பென்சில், இரண்டு கோலிக்குண்டு, ஒரு வெளிநாட்டுக் காசு. ஆச்சி கொப்பியை வாசிக்கச் சொன்னார். ஜெர்மன், ஆங்கிலம், என்ன மொழி என்று தெரியாத ஒன்று. நடுவில் கோணல்மாணலான தமிழ் எழுத்தில் ஒரு வரி: "அம்மா பிறந்த ஊர். முதல்தரம் வந்தேன்." கீழே ஒரு பெண்ணின் பெயர், ஊர் ரொறன்ரோ.

"ஆரின்ரை பிள்ளை அது?" என்று ஆச்சி கேட்டார்.

அந்தக் கேள்வி போதும். பெடியளில் ஒருவன், எங்கள் ஒழுங்கையில் கனடாவுக்குப் போன குடும்பம் இன்னார் என்றான். ஆச்சி, இல்லை, அந்த வீட்டுக்காரிக்குப் பெடியன்கள் மட்டும்தான் என்றார். யாரென்று பிடிபடவில்லை, ஆனால் அரைமணி நேரம் போய்விட்டது, கையில் தேத்தண்ணி வந்துவிட்டது. சொந்தக்கார வீடுகளில் பேசாத பிள்ளை, முன்பின் தெரியாத ஆச்சியின் விறாந்தையில் இருந்து, ஜெர்மனியில் தான் எடுத்த பெட்டிகளின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டினாள்.

பெட்டியிலிருந்து ஏதாவது எடுத்தால் அதற்குச் சமமான ஒன்றை வைக்கவேண்டும். அவள் கோலிக்குண்டு ஒன்றை எடுத்திருந்தாள். அதைக் கேட்ட ஆச்சி உள்ளே போய் ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கொண்டுவந்து, "இதை வையுங்கோ" என்றார். பிள்ளை தலையை ஆட்டினாள். சாப்பாட்டுச் சாமான் போடக்கூடாது, எறும்பும் எலியும் பெட்டியை நாசமாக்கிவிடும். முதல் வாளியில் பீன்ஸ் டின் இருந்தது உண்மைதான், இப்போது விதி அப்படி இல்லை. கடைசியில் பனங்கட்டியை எல்லோரும் உடைத்துத் தேத்தண்ணியோடு கடித்து முடித்தோம். ஆச்சி அந்த ஓலைக் குட்டானை நன்றாகத் துடைத்து, மூடியைச் சரிபார்த்து, வெறும் குட்டானாகப் பெட்டிக்குள் வைத்தார். கொப்பியில் எங்கள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதுவித்தார். இப்போது பெட்டி மழையில் நனைந்ததா, ஆடு தட்டிவிட்டதா என்று பார்க்கிறவர் அவர்தான்.

இதை வாசிக்கிற சிலர், ஊராருக்குக் காட்டிவிட்டால் பெட்டி களவுபோகும், விளையாட்டின் அடிப்படையே கெட்டுவிடும் என்று கீழே எழுதுவீர்கள், தெரியும். பெர்லினில் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊரில் ஒளித்து ஒளித்துத் தேடினால்தான் சந்தேகம் வரும், பெட்டியைத் தூக்கி எறிவார்கள், இல்லாவிட்டால் பொலிஸுக்குச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அது ஊரின் பெட்டி.

வெளிநாட்டிலும் இது தனியாள் விளையாட்டு இல்லை. ஒரு திகதி, ஒரு நேரம், ஓர் இடம் போட்டு ஆட்கள் கூடுவார்கள், அதற்கும் கொப்பியில் கையெழுத்து உண்டு. தம்பி வேலைக்காகப் புதிய நகரத்துக்குப் போனபோது அவனுக்கு முதலில் கிடைத்த சிநேகிதர்கள் அப்படியான ஒரு கூட்டத்தில் சந்தித்தவர்கள்தான். 500 பேருக்கு மேல் கூடினால் மெகா, 5000 பேருக்கு மேல் என்றால் கீகா. முதலாவது கீகா 2014இல் மியூனிக்கில், ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தது. கூட்டமாகச் சேர்ந்து குப்பை பொறுக்குகிற நாட்களும் இதில் உண்டு. மணற்காட்டு மணல்மேட்டில் கிடக்கிற போத்தல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் இங்கே யாரைக் கூப்பிடுவது? எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருநாள் கந்தரோடைப் பக்கம் போய்வருவோம் என்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், "டியூசன் இருக்கு." சனி டியூசன், ஞாயிறு டியூசன், பள்ளிக்கூட விடுமுறைக்கு விசேட டியூசன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை புலமைப்பரிசிலுக்காக விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறது. பத்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடச் சொந்தமாக வைத்திருக்க முடியாத பிள்ளை, நிலாவரைக் கிணற்றைப் பரீட்சைக் கேள்வியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது, எட்டிப் பார்த்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. படிப்பு வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் திரிக்கவேண்டாம், நானும் படித்துத்தான் வேலைக்குப் போகிறேன்.

நிலாவரை என்றதும் ஞாபகம் வந்தது. பெட்டியே இல்லாமல், ஓர் இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்புகிற எர்த்கேஷ் என்று ஒரு வகை 2004 முதல் இருக்கிறது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீருமாக நிற்கிற நிலாவரை, கடலோரத்தில் நன்னீர் ஊறுகிற கீரிமலை, இந்தச் சுண்ணக்கல் மண்ணைப் பற்றிக் கேட்க எத்தனையோ கேள்வி இருக்கிறது. புவியியல் படித்த யாராவது இதை வாசித்தால் என்னோடு பேசுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். காணிக்காரரின் சம்மதம் இல்லாமல் பெட்டி வைப்பதோ குழி தோண்டிப் புதைப்பதோ விளையாட்டின் விதிப்படியே கூடாது. எங்கள் பக்கத்துக்கு நான் சேர்ப்பது இவைதான்: உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டியாக வையுங்கள், என்ன பெட்டி என்று தமிழில் ஒட்டுங்கள், முகாம், பள்ளிக்கூடம், கோயில் மதில் பக்கம் வேண்டவே வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுக்கும் வேலை போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் நடந்தது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் உலகத்தின் மிக நல்ல பெட்டி இருந்தாலும் கால் வைக்காதீர்கள்.

செலவு பெரிதாக இல்லை. இப்போது உங்களிடம் இருக்கிற ஃபோன் போதும், இலவசக் கணக்கு போதும். எல்லாப் பெட்டியையும் அது காட்டாது, தொடங்குவதற்குக் காணும். இங்கே பெட்டிகள் குறைவு, அதையும் மறைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விட முடியாது, பக்கத்தில் இருந்து பராமரிக்க ஆள் வேண்டும் என்பது விதி. அதனால்தான் உங்களைப்போல் ஊரில் வீடுள்ளவர்கள் இதற்குத் தேவை. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீற்றர் இடைவெளி இருந்தால் சரி. நெடுந்தீவு முழுவதும் பவளக்கல் மதில்கள், இடத்துக்கா பஞ்சம்?

அடுத்த விடுமுறைக்கு வரும்போது எனக்கு ஒரு செய்தி போடுங்கள். ஞாயிறு ஆறரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறமுதல் வடமராட்சிக்குப் போய்விடலாம், திரும்பும்போது தட்டைவடையும் வாங்கலாம். பேனை கொண்டுவாருங்கள், சிறிய பெட்டிகளில் தாள் மட்டும்தான் இருக்கும்.